பாடகர் மறைத்த நோய்க்கு நட்டம் யார் தலையில்?

திருப்பூர் மேடை: கோவை கொடிசியாவில் நாங்கள் வைத்திருந்த கச்சேரி, பாடகருக்குத் தொண்டையில் ரத்தம் கசிந்ததால் முந்தின நாள் நின்றுபோனது. கச்சேரி நின்றால் நட்டத்தை ஈடுகட்டும் ரத்துக் காப்பீடு எடுத்திருந்தோம். ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘குரல்நாண் கட்டிக்கு முன்பே சிகிச்சை பெற்றவர்’ என்று ஒரே ஒரு வரி. அதை வைத்தே க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள். விண்ணப்பத்தில் முன்பு நோய் இருந்ததா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்தது அவருடைய மேனேஜர். பிரீமியம் கட்டியது நாங்கள், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் நாங்கள். சவுண்டு சர்வீஸ், ஜெனரேட்டர் அட்வான்ஸெல்லாம் போனதுதான். இதில் எங்கள் தப்பு என்ன?

ஈரோடு சர்வேயர்: காப்பீட்டு நட்டத்தை மதிப்பிடுகிறவனாகச் சொல்கிறேன், உங்கள் மேல் தப்பில்லைங்க. ஆனால் பாலிசி தரலாமா, எவ்வளவு பிரீமியம் என்ற முடிவை மாற்றக்கூடிய விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரக நோயை மறைத்து எடுத்த மெடிக்ளெய்மை நிறுவனம் மறுத்தது சரியென்று 2009இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. பாடகரின் தொண்டையை விட முக்கியமான விவரம் வேறென்ன இருக்கிறது?

கோபி வாசகி: பாலிசி எடுத்து 5 வருடம் ஆகிவிட்டால், மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது என்று 2024இல் விதி வந்ததே?

ஈரோடு சர்வேயர்: அது ஹெல்த் பாலிசிக்கு அம்மணி. மோசடி நிரூபணமானால் அங்கேயும் செல்லாது. இது ஒரு கச்சேரிக்கான பாலிசி.

திருப்பூர் மேடை: சரிங்கண்ணா, 2021 தீர்ப்பையும் சொல்லுங்கள். உடல்நிலையைப் பார்த்து மதிப்பிட்டு பாலிசி கொடுத்த பிறகு, தெரிந்த நோயையே காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது என்றது அதே நீதிமன்றம். மைக்கேல் ஜாக்சனின் லண்டன் கச்சேரிகளுக்கு 1.75 கோடி டாலர் பாலிசி இருந்தது. 2009 பிப்ரவரியில் அவரை ஒரு மருத்துவர் பரிசோதித்தார். எங்களிடம் ஒரு தாளை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

ஈரோடு சர்வேயர்: கச்சேரிக்கு முன்பே ஜாக்சன் இறந்த பிறகு, அந்தப் பரிசோதனை நடந்திருந்தும் காப்பீட்டாளர்கள் 2011இல் வழக்குப் போட்டார்களே! மருத்துவ விவரங்களையும் மருந்துப் பழக்கத்தையும் சொல்லவில்லை என்பதுதான் புகார். கச்சேரியை நடத்தவிருந்த நிறுவனம் 2012இல் க்ளெய்மை வாபஸ் வாங்கியது. 2014இல் ஜாக்சன் தரப்போடு சமரசம் ஆனது.

திருப்பூர் மேடை: அவர்களால் மூன்று வருடம் தாங்க முடிந்தது. எங்களால் அடுத்த பண்டிகை வரைக்கும்கூட முடியாது. கலைஞர் மறைத்தால் அது தெரியாத அமைப்பாளரைப் பாதிக்காது என்று பாலிசியிலேயே ஒரு ஷரத்து வேண்டும். கூடுதல் பிரீமியம் கேட்டாலும் கட்டுகிறோம்.

ஈரோடு சர்வேயர்: அது நியாயம்தான். கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். மறைத்தால் நட்டம் பாடகருடையது என்று அவரோடு போடும் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்.

திருப்பூர் மேடை: பெரிய பாடகரிடம் அதை நீட்டினால் தேதியே கொடுக்க மாட்டார், அண்ணா.