'தாஸ் போட்' படமும் என் சித்தப்பாவும்

வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கி 1981இல் வெளிவந்த 'தாஸ் போட்' என்னும் ஜெர்மன் படத்தை, தரைப்படையிலிருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். போர்ப்படங்கள் அவருக்குப் பிடிக்காது. அவற்றில் யாரும் காத்திருப்பதே இல்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

இந்தப் படத்திலோ காத்திருப்பதுதான் போர். 1941இல் அட்லாண்டிக் கடலில் வேட்டைக்குப் போன யு-96 என்னும் நீர்மூழ்கிக் கப்பலை, பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் மேலிருந்து தேடுகிறது. நீருக்கடியில் இருப்பதை ஒலியலையால் தேடும் சோனார் கருவியின் ஒலி கேட்கும் ஒவ்வொரு முறையும் மாலுமிகள் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள். எதிரி கண்ணில் படுவதில்லை, திருப்பித் தாக்க வழியில்லை, ஓட இடமுமில்லை. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் தாங்காமல் மரையாணிகள் துப்பாக்கிக் குண்டுகளாகத் தெறிக்கின்றன.

அப்போதுதான் யோஹான் உடைந்துபோகிறார். இரவு பகலாக இயந்திர அறையிலேயே கிடக்கும் அனுபவசாலியான அந்த மெக்கானிக், தன் இடத்தை விட்டு எழுந்து, வெறித்த கண்களோடு எப்படியாவது வெளியேறிவிடத் துடிக்கிறார். எந்தக் கட்டளையும் அவர் காதில் ஏறவில்லை. கப்பல் தலைவர் தன் கைத்துப்பாக்கியை எடுத்து வருகிறார். "சுட்டுவிடுவானோ?" என்று கேட்ட சித்தப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நல்லவேளையாக, அதற்குள் மற்றவர்கள் யோஹானை இழுத்துச் சென்றுவிடுகிறார்கள். பிறகு அவர் தயங்கித் தயங்கி வந்து, தன்னை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவார்களா என்று கேட்கும்போது, தலைவர் இல்லை என்று சொல்லி, போய்த் தூங்கும்படி அனுப்பிவிடுகிறார்.

"இவன் நல்ல அதிகாரிடா. எங்களுக்கும் இப்படி ஒருத்தர் இருந்தார், அவரிடம் மட்டும்தான் பயமாக இருக்கிறதென்று வாய்விட்டுச் சொல்ல முடியும்" என்றார் சித்தப்பா. தன் படைவாழ்வைப் பற்றி வீட்டில் வாய் திறக்காதவர், அன்று படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசினார்.

ஜிப்ரால்டர் அருகே தாக்கப்பட்டு 280 மீட்டர் ஆழத்தில் தரைதட்டும் கப்பலில், பீறிடும் நீருக்குள் இறங்கிக் கசிவை அடைப்பவர் இதே யோஹான்தான். முன்பு அந்தத் துப்பாக்கி வெடித்திருந்தால் அந்தக் கப்பல் மேலே வந்திருக்காது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். பெரும்பாலும் கதையின் வரிசையிலேயே படம்பிடித்ததால், நடிகர்களின் தாடியும் முகத்தின் வெளிறலும் காட்சிக்குக் காட்சி கூடிக்கொண்டே போவதையும் கவனியுங்கள்.

பார்க்க நினைப்பவர்கள், 1997இல் வெளியான ஏறத்தாழ மூன்றரை மணிநேரப் பதிப்பையே தேடிப் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று நிறுத்திவிட வேண்டாம். அந்தச் சலிப்பையும் மாலுமிகளோடு சேர்ந்து அனுபவித்தவர்களுக்குத்தான் யோஹானின் நிலை முழுதாக விளங்கும்.