அப்பாவுக்க காலில் நாடி தேடின அந்த நேரம்

குலசேகரம் தம்பி:
அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரரு. சுகர் 12 வருஷமா உண்டு. "ஆன்டிஆக்ஸிடன்ட், ரத்தக்குழாய் சுத்தமாவும்"னு ஒரு கடையில சொன்னத நம்பி ஒரு வருஷம் கேப்சூல் தின்னாவ. அந்த தைரியத்துல சுகர் மாத்திரைய பாதியாக்கினது எங்களுக்குத் தெரியாது. பெருவிரல் புண்ணு ஆறாம கூட்டிட்டுப் போனோம். நர்சம்மா ஜெல் தடவி, ரத்த ஓட்டச் சத்தம் கேக்குற, பேனா மாதிரி ஒரு கருவிய பாதத்துல வச்சாவ. வலது காலுல 'உஷ்... உஷ்'னு நல்லா கேட்டுது. இடதுல வெறும் இரைச்சல். விரலளவு தள்ளித் தள்ளித் தேடினாவ. அப்பா என் மூஞ்சியப் பாத்து, "மிஷின் ரிப்பேரா மக்கா?"ன்னு கேட்டாவ. நான் பதில் சொல்லல.

தக்கலை அக்கா:
எனக்க அம்மையும் அப்படித்தான், நெல்லிக்காய் நல்லதுன்னு மார்த்தாண்டத்து தேன்நெல்லி தினம் நாலு. சுகர் 300 தாண்டிச்சு. தம்பி, ஒண்ணு சொல்லுதேன், அப்பாவை இனி தோட்டத்துல வெறுங்காலோட விடாதீங்க. ராத்திரி படுக்கும்போ உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் நீங்களே லைட் அடிச்சுப் பாருங்க. மரத்த காலை வெந்நீருல வைக்கவே கூடாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. பீடி உண்டுன்னா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. பச்சை நெல்லிக்காய் தின்னலாம், ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல.

நாகர்கோவில் லேப்:
அக்கா, தேனை மட்டும் குறை சொல்லி முடிச்சுட்டீங்க. கேப்சூல் விஷயத்தையும் பேசணும். சுகர் கூடிக் கிடந்தா குழாயோட உள்தோல்ல ஆக்சிஜன் கழிவு பெருகும். குழாயை விரிய வைக்கிற நைட்ரிக் ஆக்சைடை அது அழிச்சுடும். அதனால, அந்தக் கழிவைத் துடைக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் தின்னா சரியாகும்னு நினைக்கிறது இயல்பு. நானும் நம்பினவன்தான். ஆனா 2000-ல வந்த ஹோப் ஆய்வுல, இதய நோயோ சுகரோ உள்ள 9,500-க்கும் மேற்பட்டவங்க கலந்துக்கிட்டாங்க. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ-ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் சுமார் நாலரை வருஷம் தின்னவங்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் குறையல. தொடர்ந்து பாத்து 2005-ல வெளியிட்டப்போ, வைட்டமின் தின்னவங்களுக்கு இதயச் செயலிழப்பு கூடுதல். கழிவு ஊறுற இடமே கூடின சுகர். அதை இறக்காம மேல துடைச்சு என்ன பிரயோசனம்? பிரஷர், கொழுப்பு மாத்திரையும் விடக் கூடாது. தம்பி, இடது காலுக்கு ஸ்கேன் எடுத்தாச்சா?

குலசேகரம் தம்பி:
எடுத்தாச்சு அண்ணா. முட்டுக்குக் கீழ அடைப்பு. திங்கக்கிழமை பலூன் வச்சு விரிக்கப் போறாவ. செவ்வாய்க்கிழமை பால்வெட்டப் போவலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லி அப்பா ரெண்டு தடவ சொல்லிட்டாவ.