அசுலேஜு டிசைன் காதணி: வெள்ளை பழுப்பாகிறது, நீலம் கசிகிறது. யாராவது உதவுங்களேன்

நீலாம்பரி:
வணக்கம். போர்ச்சுகலில் சுவரில் பதிக்கும் வண்ணம் தீட்டிய அசுலேஜு ஓடுகளைப் பார்த்து, பாலிமர் க்ளேயில் (அடுப்பில் சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்) காதணி செய்கிறேன். போர்ட்டோவின் சாவ் பென்டோ ரயில் நிலையச் சுவரில் ஜோர்ஜ் கொலாசோ தீட்டிய நீலக் காட்சிகள்தான் என்னை இதில் இழுத்துவிட்டன. ஆனால் அவ்வளவு பெரிய காட்சி காதில் அடங்காது. அதனால் நான்கு ஓடு சேர்ந்தால் ஒரு பூ வருகிற திரும்பு கோலத்தை எடுத்துக்கொண்டேன். 2.5 செ.மீ. சதுரம், 3 மி.மீ. தடிமன்.

சிக்கல் மூன்று. ஓடிஜி அடுப்பில் 130 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் வெள்ளை ஓரங்கள் பழுக்கின்றன. பர்மனென்ட் மார்க்கரில் போட்ட கோடு சில நாளில் கசிந்து நீலப் புகையாகிறது. மேலே பூசிய நெயில் பாலிஷ் காயவே இல்லை, விரல் ஒட்டுகிறது.

களிமண்கை:
முதலில் அடுப்பு. ஓடிஜி திருகில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். தனியாக ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். சின்ன அடுப்பில் சூட்டுக்கம்பி பக்கத்திலேயே இருப்பதால் வெள்ளைதான் முதலில் அடி வாங்கும். துண்டுகளைத் தரை ஓட்டின் மேல் வைத்து, அலுமினியத் தாளைக் கூடாரம் போல மூடிச் சுடுங்கள். வெப்பம் க்ளே பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி இருக்கட்டும். பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பழுக்கிறதே என்று நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள், சரியாக வேகாத க்ளே பட்டென்று உடையும்.

வர்ணச்செல்வி:
மற்ற இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், தோழி. பாலிமர் க்ளே என்பது பிவிசியும் அதை இளக்கி வைக்கும் பிளாஸ்டிசைசரும். சுட்ட பிறகும் பிளாஸ்டிசைசர் உள்ளேயே இருக்கும். மார்க்கர் மை அதில் ஊறிப் பரவுகிறது. நெயில் பாலிஷில் உள்ள கரைப்பானோ மேற்பரப்பையே இளக்கிவிடுகிறது. ஒட்டுகிற துண்டுகளில் அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டாம், க்ளேயும் கரையும்.

இனி இப்படிச் செய்து பாருங்கள்: சுட்டு ஆறியதும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அக்ரிலிக் பெயின்டில் வரையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வாட்டர் பேஸ்டு வார்னிஷ், அல்லது புற ஊதா ஒளியில் இறுகும் யுவி ரெசினை மெல்லியதாக.

நீலாம்பரி:
தெர்மாமீட்டர் வைத்தேன். திருகு 130 என்கிறது, உள்ளே 150! மூடிச் சுட்டதில் வெள்ளை அப்படியே நிற்கிறது. அக்ரிலிக் கோடும் கசியவில்லை. ஆனால் இப்போது கோடு ரொம்பக் கூர்மையாக, அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஓட்டின் உயிர் இல்லை.

களிமண்கை:
அசல் ஓட்டில் வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளை மெருகு பூசி, அது சுடாமல் இருக்கும்போதே கோபால்ட் நீலத்தைத் தூரிகையால் இடுவார்கள். அந்தச் சுடாத மெருகு, வண்ணம் பட்டவுடன் உறிஞ்சிக்கொள்ளும், அழிக்க முடியாது. சூளையில் மெருகு உருகும்போது நீலத்தின் ஓரமும் கொஞ்சம் இளகும். அந்த மென்மைதான் நீங்கள் தேடுவது.

அதனால் நீலத்தைத் தண்ணீர் விட்டு நீர்த்து முதலில் நிழலாக இடுங்கள், காய்ந்தபின் மேலே அடர்கோடு. வெள்ளை க்ளேயில் ஒரு துளி பழுப்பு சேர்த்தால் பால் நிறம் வரும். பளீர் வெள்ளை ஓட்டுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

வர்ணச்செல்வி:
மஞ்சளையும் விட்டுவிடாதீர்கள். நீலமும் வெள்ளையும் மட்டும் என்கிற பாணி, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனப் பீங்கானும் டச்சு ஓடுகளும் வந்த தாக்கத்தில் ஓங்கியது. அதற்கு முன் தேவாலயச் சுவர்களில் கம்பளம் விரித்தது போல் ஒட்டிய ஓடுகளில் நீலத்தோடு மஞ்சளும் உண்டு.

அப்புறம், ஒரு காதில் கால் பூ மட்டும் வருவதால் மற்றக் காதுக்குக் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி வரையுங்கள். கொக்கித் துளையைச் சுடும் முன்பே போட்டுவிடுங்கள்.