வீட்டு மதிலை ஒட்டி ஆக்கர் கடை (பழைய பொருள் வாங்கி விற்கும் கடை): உரிமம், புகை, கிணற்று நீர் குறித்து யாரிடம் முறையிடுவது?

கேள்வி – வேளிமலை அடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கல்குளம் வட்டத்தில், தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறோம். தெருவில் வீடுகள் நெருக்கமாக உள்ளன. பெரும்பாலான வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் கிணற்று நீரே. எங்கள் மதிலை ஒட்டி, முன்பு தென்னந்தோப்பாக இருந்த நிலத்தை ஒருவர் வாடகைக்கு எடுத்து, தகரத்தால் அடைத்து, ஆக்கர் கடை நடத்திவருகிறார். தொடக்கத்தில் பழைய தாளும் குப்பியும் மட்டுமே வந்தன. இப்போது பழைய பைக்குகளும் ஆட்டோக்களும் வந்து, கேஸ் கட்டிங் செய்து துண்டாக்கப்படுகின்றன. இரவு பத்து மணிக்குப் பிறகும் லாரியில் இரும்பு ஏற்றும் ஓசை கேட்கிறது. இருட்டிய பின் செம்புக்காக வயரை எரிக்கும்போது வரும் கரும்புகையால், ஆஸ்துமா உள்ள என் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டியிருக்கிறது. மதிலோரம் டயர்கள் குவிந்து, ஒவ்வொன்றிலும் மழைநீர் நிற்கிறது. பழைய பேட்டரியை உடைத்து அமிலத்தை மண்ணில் கொட்டுவதைக் கண்ட பக்கத்து வீட்டு அக்கா, தம் கிணற்று நீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

உள்ளூர் அலுவலகத்தில் நேரில் சொன்னபோது, அது தனியார் நிலம், அவர் வரி கட்டுகிறார் என்றார்கள். காவல் துறையில் இது உள்ளாட்சி விவகாரம் என்றார்கள். கடைக்காரரோடு எங்களுக்குப் பகை எதுவும் இல்லை. கேட்டபோது அவரும் மரியாதையாகவே பேசி, ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். குடியிருப்புக்கு நடுவே இப்படிக் கடை நடத்த அனுமதி உண்டா, எதை யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

பதில் – பழையாறு

அவர் காட்டியது எந்த ரசீது? தொழில் வரி ரசீது, சொத்து வரி ரசீது, ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று ஆகிய மூன்றையுமே உரிமம் என்று காட்டுவோர் உண்டு. மூன்றும் வரி சார்ந்தவை. தொழில் உரிமம் என்பது வேறு.

வேளிமலை அடிவாரம்

தொழில் வரி ரசீதுதான் ஐயா. அதைத் தவிர வேறு தாள் எதையும் அவர் காட்டவில்லை.

பதில் – ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

அம்மா, உள்ளாட்சிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் நீங்கள் சொன்னவை ஒரே புகாராகத் தோன்றினாலும் உண்மையில் நான்கைந்து தனித்தனிப் புகார்கள், அவற்றைப் பிரிக்காமல் ஒரே மனுவில் எழுதினால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டிவிடும்.

முதலில் உரிமம். தனியார் நிலம் என்பதால் உள்ளாட்சி தலையிட முடியாது என்பது சரியான விடை ஆகாது. அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்கள் என்று வகைப்படுத்தப்படுபவற்றைச் சொந்த நிலத்தில் நடத்துவதற்கும் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும் என்பதே நெடுங்கால ஏற்பாடு. உங்கள் பகுதி பேரூராட்சி என்பதால், 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 பொருந்தும். நீங்கள் மனு கொடுக்க வேண்டியவர் செயல் அலுவலர். இதே சிக்கல் கிராம ஊராட்சியில் எழுந்தால், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் கீழ் ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுத வேண்டும், கிராம சபையிலும் தீர்மானம் கொண்டுவரலாம். நம் மாவட்டத்தில் பேரூராட்சியும் ஊராட்சியும் அடுத்தடுத்து இருப்பதால், நிலம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணோடு (சர்வே எண்) உறுதிசெய்துகொள்ளுங்கள். புல எண் இல்லாத மனு அலைக்கழிக்கப்படும்.

அடுத்தது, உரிமம் இருக்கிறதா என்று வாய்மொழியாகக் கேட்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தப் புல எண்ணில் தொழில் உரிமம் வழங்கப்பட்டுள்ளதா, எந்தத் தொழிலுக்கு, எந்தக் காலம் வரை, என்ன நிபந்தனைகளோடு, வழங்கும் முன் தல ஆய்வு செய்த அறிக்கையின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். ஏன் கொடுத்தீர்கள் என்று காரணம் கேட்டால் விடை வராது. ஆவணத்தைக் கேட்டால் வரும். பழைய தாள் வியாபாரத்துக்கு உரிமம் வாங்கி அதன் பேரில் வாகனம் வெட்டுவது நடக்கக்கூடியதே, ஆகையால் எந்தத் தொழிலுக்கு என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்த நிலம் குடியிருப்புப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டுள்ளதா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் தனியாகக் கேட்கலாம்.

டயர் விஷயத்தை மட்டும் காத்திருக்க விடக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும், முட்டையோ ஈரமில்லாமலேயே மாதக்கணக்கில் பிழைத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், திறந்த வெளியில் கிடக்கும் டயர் ஆண்டில் பல மாதங்கள் கொசுவுக்குத் தொட்டில்தான். ஆகவே டயர் பற்றி மட்டும் ஒரு தனி மனுவைச் சுகாதார ஆய்வாளருக்கும், நகலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இன்றே கொடுங்கள். பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 இத்தகைய தொல்லையை அகற்றச் சொல்லும் அதிகாரத்தைத் தருகிறது. என் அனுபவத்தில் இந்தப் புகாரே எல்லாவற்றிலும் விரைவாக நடவடிக்கை பெறும்.

வயர் எரிப்பும் பேட்டரி உடைப்பும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு உரியவை. வயரின் மேலுறையான பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் வகை நச்சுகளும் வெளிப்படுகின்றன, அதனால் உங்கள் மாமியாரின் மூச்சுத் திணறலைச் சாதாரணப் புகைத் தொல்லை என்று எழுதாதீர்கள். திறந்த வெளியில் கழிவை எரிப்பதற்கு நாடு முழுவதும் தடை விதித்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22-இல் ஆணையிட்டிருக்கிறது. சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் இழப்பீடாக வசூலிக்கலாம். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பழைய பேட்டரிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். தெருவோரக் கடையில் உடைத்து அமிலத்தை ஊற்றுவதற்கு எந்த உரிமமும் இடம் தராது.

பதில் – மார்த்தாண்டம் வியாபாரி

நான் இதே தொழிலில் இருப்பவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகச் சென்று பழைய பொருள் எடுப்பவர்களும் பிரிக்கும் பெண்களும் எங்களை நம்பித்தான் பிழைக்கிறார்கள். நாங்கள் எடுக்காவிட்டால் அந்தப் பொருட்கள் எல்லாம் ஓடையிலும் குளத்திலும் கிடக்கும். ஆனால் கேள்வி கேட்ட அக்கா எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் எந்தப் பொறுப்பான வியாபாரியும் செய்யாத வேலை. வயரை எரிக்கவே தேவையில்லை, உரிப்பதற்கு இயந்திரம் இருக்கிறது. உரித்த செம்புக்கு எரித்த செம்பைவிட நல்ல விலையும் கிடைக்கிறது. பேட்டரியை உடைக்காமல், நிமிர்த்தியே வைத்து, அப்படியே ஏற்றி அனுப்பலாம். கூரையும் சிமெண்டுத் தளமும் போட்டுவிட்டால் டயர் நீரும் எண்ணெய்க் கசிவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வாகனத்தை வெட்டுவது முற்றிலும் வேறு. 2021-இல் வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில்தான் காலாவதியான வாகனத்தைப் பிரிக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்காமல் பைக் வாங்குபவர் திருட்டு வண்டி வழக்கில் சிக்கிக்கொள்ளவும் கூடும். இதை அவரிடம் யாராவது நிதானமாக எடுத்துச் சொன்னால், அந்த வேலையை அவரே நிறுத்துவார் என்று நம்புகிறேன்.

பதில் – குழித்துறை வழக்கறிஞர்

மேலே பெரியவர் சொன்னவற்றோடு இரண்டை மட்டும் சேர்க்கிறேன். துறைகள் அசையாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023-இன் 152-ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் மனு செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவே இப்போது இந்த எண்ணில் உள்ளது. பொதுமக்களுக்குத் தொல்லை தரும் தொழிலை நிறுத்தவோ இடம் மாற்றவோ முறைப்படுத்தவோ நிபந்தனை ஆணை பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் பகுதி பத்மநாபபுரம் வருவாய்க் கோட்டத்தில் வருவதால் நிர்வாக நடுவராகவும் செயல்படும் அங்குள்ள சார் ஆட்சியரை அணுகுங்கள். இரு வீட்டாருக்கு இடையிலான தகராறாகத் தோன்றினால் மனு நிற்காது, ஆகவே தெருவிலுள்ள பல குடும்பத்தாரும் கையெழுத்திட வேண்டும்.

பணமில்லை, ஆளில்லை என்று உள்ளாட்சி சொன்னால், ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள். சுகாதாரக் கேட்டை அகற்றும் கடமையிலிருந்து நிதியின்மையைக் காட்டி நகராட்சி விலக முடியாது என்று, இதே 133-ஆம் பிரிவின் கீழ் எழுந்த வழக்கில்தான் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார்.

இரவு ஓசைக்கும் அளவு உண்டு: ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்.

பதில் – முக்கடல்

இத்தனை அலுவலகங்களுக்கும் அலைவதற்குப் பதில், நேரடியாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டுவிடலாமே? ஒரே உத்தரவில் கடையை மூடிவிடுவார்கள்.

குழித்துறை வழக்கறிஞர்

எழுத்து மூலம் மனு கொடுத்து, அதன் மேல் நடவடிக்கை இல்லை என்று காட்ட முடியாவிட்டால், அந்த மனுவை முதலில் பரிசீலியுங்கள் என்ற உத்தரவோடு வழக்கு முடிவதற்கே வாய்ப்பு அதிகம். இந்த அலைச்சலே பின்னால் வழக்கின் அடிப்படை ஆவணமாகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கும் போகலாம், ஆனால் சுற்றுச்சூழல் தகராறாகப் போவதற்கு முதன்முதலில் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்ற வரம்பு உண்டு. அமிலம் கொட்டியதைக் கண்ட நாளை இப்போதே குறித்து வையுங்கள்.

வேளிமலை அடிவாரம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் மிச்சம் உள்ளன. கிணற்று நீரைச் சோதித்து அமிலத்தன்மை இருந்தால், அதுவே போதிய சான்றாகுமா? மனுவில் கடையை மூட வேண்டும் என்று எழுதுவதா, இடம் மாற்றச் சொல்வதா? எங்கள் தெருவிலேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

அமிலத்தன்மை மட்டும் போதாது, அம்மா. செம்புரைக்கல் நிலத்தில் கிணற்று நீர் இயல்பாகவே சற்று அமிலத்தன்மையோடு இருப்பதுண்டு என்பதால், எதிர்த்தரப்பு அதையே பதிலாகச் சொல்லிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இல் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பேட்டரியின் தடயங்கள் ஈயமும் சல்பேட்டும் என்பதால் அவ்விரண்டையும் குறிப்பிட்டுக் கேட்டுச் சோதியுங்கள். கடைக்கு மிக அருகிலுள்ள கிணற்றிலும், அதே மண்ணில் சற்றுத் தொலைவில் மேட்டுப்புறமுள்ள கிணற்றிலும் ஒரே நாளில் நீர் எடுத்தால்தான் வேறுபாடு தெரியும். ஈயத்துக்கான சோதனை எல்லா ஆய்வகத்திலும் நடப்பதில்லை. புட்டியும் எடுக்கும் முறையும் ஆய்வகம் சொன்னபடி இருக்க வேண்டும். முடிவு வரும்வரை அந்தக் கிணற்று நீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், ஏனெனில் கொதிக்க வைப்பதால் ஈயம் போகாது.

மனுவில் இரண்டையும் படிநிலையாகக் கேளுங்கள். எரிப்பு, பேட்டரி உடைப்பு, வாகனம் வெட்டுதல், இரவு வேலை ஆகியவற்றை உடனடியாக நிறுத்த உத்தரவிட வேண்டும். உரிமம் இல்லையேல் அல்லது நிலம் இத்தொழிலுக்கு ஏற்றதன்று எனத் தெரிந்தால், கால வரையறை கொடுத்துக் குடியிருப்புக்கு வெளியே இடம் மாற்றச் சொல்ல வேண்டும். உரிமம் வழங்குவதானால் கூரை, தளம், வேலை நேரம் ஆகியவற்றை எழுத்தில் நிபந்தனையாக்க வேண்டும். இப்படி எழுதினால் உங்கள் தெருவின் இரு தரப்பாரும் ஒரே மனுவில் கையெழுத்திட முடியும்.

செயல் அலுவலருக்குக் கொடுத்த மனுவின் நகலைத் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-இல் சொன்னாலும் பதிவாகும். புகையெழும்போது படம் எடுத்தால், நாளும் நேரமும் தெரியும்படி உங்கள் மொட்டைமாடியிலிருந்தே எடுங்கள். மதிலைத் தாண்டிப் போக வேண்டாம். தகவல் உரிமை விடை வந்ததும், அதில் எந்தத் தொழிலுக்கு உரிமம் என்று இருக்கிறது என்பதை இங்கேயே எழுதுங்கள். அடுத்த மனுவின் வாசகத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.