மேட்டில் திணறும் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்: அடுத்து எதைப் பார்ப்பது?

2019 மாடல் சிறிய கிராஸ்ஓவர். மூன்று சிலிண்டர், டர்போ இல்லை, மேனுவல் கியர். போன மாதத்திலிருந்து, எஞ்சின் சூடானபின் ஏசி போட்டு இரண்டாம் கியரில் மேடு ஏறினால் குலுங்கித் திணறுகிறது. எஞ்சின் விளக்கும் மினுக்குகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குறையும் இல்லை. சின்ன எஞ்சின் மேட்டில் முனகத்தான் செய்யும். இது அந்த முனகல் அல்ல.

ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீடு பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). ஸ்பார்க் பிளக்குகளும் ஏர் ஃபில்டரும் மாற்றியாயிற்று. பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை இரண்டாம் சிலிண்டரிலிருந்து மூன்றாவதில் மாட்டிப் பார்த்தேன். குறியீடு இரண்டாம் சிலிண்டரை விட்டு நகரவில்லை, ஆக காயில் காரணமில்லை. கழற்றிய பிளக்குகளில் இரண்டாம் சிலிண்டருடையதன் முனை மட்டும் வெளிறியிருந்தது. மெக்கானிக்கோ எஞ்சினையே பிரிக்கலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிரிப்பதற்கு முன் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதிப்பதா, சிலிண்டருக்குள் அழுத்தம் சரியா என்று கம்ப்ரஷன் பார்ப்பதா, எது முதலில்?