லைப்ரரியை இஎஸ் மாட்யூலுக்கு மாத்தறப்ப எங்கெங்க இடிக்கும்?

சரவணம்பட்டி:
நூல் கவுண்டை (பருத்தி நூலோட மெல்லிசைச் சொல்ற நம்பர்) டெக்ஸா (ஒரு கிலோமீட்டர் நூலோட எடை, கிராம்ல) மாத்தற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒண்ணுன்னு வெச்சுக்கலாமுங்க. 590.5-ஐ கவுண்டால வகுத்தா டெக்ஸ். 40-ஆம் நம்பர் நூலுக்கு 14.76. கணக்கு அவ்வளவுதான். இதைக் காமன்ஜேஎஸ்ல (ரிக்வயர் போட்டுக் கோப்புகளை இணைக்கற பழைய முறை) இருந்து இஎஸ் மாட்யூலுக்கு (இம்போர்ட் போட்டு இணைக்கற முறை) கொண்டு போறப்ப கோடு தொந்தரவு பண்ணாது, லைப்ரரியோட விவரம் எழுதி வெக்கற பேக்கேஜ்.ஜேசன்தான் பண்ணும்.

'டைப்'க்கு 'மாட்யூல்'னு போட்டவுடனே அந்த ஃபோல்டருக்குக் கீழ இருக்கற .ஜேஎஸ் கோப்பெல்லாம் இஎஸ் மாட்யூல் ஆயிரும். கன்ஃபிக் கோப்புகளை எல்லாரும் மறந்துருவாங்க. மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ் வெச்சு எழுதினதுக்கு .சிஜேஎஸ்னு பேர் மாத்தோணும். அப்புறம் இம்போர்ட்ல எக்ஸ்டென்ஷன் கட்டாயம்: './கவுண்ட்' ஆகாது, './கவுண்ட்.ஜேஎஸ்'. ஃபோல்டர் பேரை மட்டும் குடுத்தா இன்டெக்ஸ் கோப்பை நோட் (ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளிய ஓட்டற நோட்.ஜேஎஸ்) தானாத் தேடாது. டைப்ஸ்கிரிப்டா இருந்தா 'மாட்யூல்' செட்டிங்கை நோட்நெக்ஸ்டுன்னு வைங்க, மூலக் கோப்பு .டிஎஸ்ஸா இருந்தாலும் இம்போர்ட்ல .ஜேஎஸ்னு எழுதறது பழக்கமாகக் கொஞ்ச நாள் ஆகும்.

திருப்பூர்:
டிர்நேம் (கோப்பு எந்த ஃபோல்டர்ல இருக்குதுன்னு சொல்றது) இல்லாமப் போறதையும் சேத்துக்கோங்கண்ணா. நோட் 20.11, 21.2-ல இருந்து இம்போர்ட்.மெட்டா.டிர்நேம் இருக்குது. அதுக்கு முந்தின வெர்ஷனுக்கு இம்போர்ட்.மெட்டா.யுஆர்எல்லை ஃபைல்யுஆர்எல்டுபாத் ஃபங்ஷன்ல குடுக்கோணும். யுஆர்எல்லோட பாத்நேமை அப்படியே எடுத்துப் போடறதுதான் பெரிய கோளாறு. லினக்ஸ்ல, பாதைல இடைவெளியோ தமிழ் எழுத்தோ இல்லாத வரைக்கும் ஒழுங்கா ஓடும். ஆபீஸ் விண்டோஸ் மெஷின்ல 'டி' டிரைவ்ல 'நூல் மில்'னு ஃபோல்டர் இருந்துச்சுன்னா, இடைவெளி %20 ஆயிரும், தமிழ் எழுத்தெல்லாம் சதவீதக் குறியா மாறிரும், டிரைவ் எழுத்துக்கு முன்னால ஒரு சாய்கோடும் வந்து நிக்கும். 'கோப்பு இல்லை'ன்னு எர்ரர். கோப்பு கண்ணு முன்னாலதான் இருக்கும்!

ஜேசன் கோப்பை இம்போர்ட் பண்ண 'வித்' போட்டு டைப் சொல்லோணும். பழைய 'அசர்ட்' நோட் 22-ல போயிருச்சு.

பெருந்துறை:
ஏனுங்க, ரெண்டு வடிவத்தையும் சேத்தே குடுத்துட்டா என்னங்க? ரிக்வயர் பண்றவங்களுக்கு .சிஜேஎஸ், இம்போர்ட் பண்றவங்களுக்கு .ஜேஎஸ்?

சரவணம்பட்டி:
குடுக்கலாம் தம்பி, ஆனா ஒரே ப்ராசஸ்ல ரெண்டு காப்பியும் ஏறும். ஆப் உங்க லைப்ரரியை இம்போர்ட் பண்ணுது, அது போட்டிருக்கற ப்ளகின் ஒண்ணு அதையே ரிக்வயர் பண்ணுதுன்னா 'கவுண்ட்'ங்கற கிளாஸ் ரெண்டு பொறந்துரும். ப்ளகின் குடுத்த பொருளை ஆப் இன்ஸ்டன்ஸ்ஆஃப் (இந்தப் பொருள் இந்தக் கிளாஸைச் சேந்ததான்னு கேக்கறது) போட்டுப் பாத்தா ஃபால்ஸ்னு வரும். கேஷ் இருந்தா அதுவும் ரெண்டு. ஒரு பக்கம் செட் பண்ணின டீஃபால்ட் யூனிட் இன்னொரு பக்கத்துக்குத் தெரியாது. எர்ரர் வராது, கணக்கு மட்டும் தப்பாப் போகும். ரெண்டும் வேணும்னா மூலக்கோடு முழுக்கக் காமன்ஜேஎஸ்ல இருக்கட்டும், அதை மறுபடி ஏற்றுமதி பண்ற மெல்லிசான இஎஸ் உறை ஒண்ணு போதும்.

இன்னைக்குப் புதுசா மாத்தறவங்க இஎஸ்எம் (இஎஸ் மாட்யூல்) மட்டும் குடுத்தாப் போதும்னு நான் சொல்லுவேன். நோட் 20.19, 22.12-ல இருந்து ரிக்வயராலயே இஎஸ் மாட்யூலை ஏத்த முடியும். டாப்-லெவல் அவெயிட் (எந்த ஃபங்ஷனுக்குள்ளயும் இல்லாம நேராப் போடற அவெயிட்) மட்டும் எங்கயும் இருக்கப்படாது. உங்க கோட்ல இல்லீன்னாலும் நீங்க இம்போர்ட் பண்றதுல இருந்தாலே கவுந்துரும். ரிக்வயர் குடுக்கறது நேம்ஸ்பேஸ் பொருள் (எக்ஸ்போர்ட் எல்லாத்தையும் உள்ள வெச்சிருக்கற ஒரே பொருள்)ங்கறதால டீஃபால்ட் எக்ஸ்போர்ட்டை நேரா ஃபங்ஷனா அழைச்சா 'இஸ் நாட் எ ஃபங்ஷன்'னு திட்டும். நேம்டு எக்ஸ்போர்ட்டா வெச்சா அந்த வம்பே இல்லை.

பெருந்துறை:
பேக்கேஜ்.ஜேசன்ல 'எக்ஸ்போர்ட்ஸ்' ஃபீல்டு போட்டா உள்ள இருக்கற கோப்பெல்லாம் பூட்டிக்குமாங்க?

திருப்பூர்:
பூட்டிக்கும். 'லிப்/கவுண்ட்'னு உள்ள கை விட்டு எடுத்தவங்களுக்கெல்லாம் அன்னைக்கே உடையும், அதனால மேஜர் வெர்ஷன் ஏத்தியே வெளியிடோணும். பேக்கேஜ்.ஜேசனைக்கூட எழுதி வெச்சாத்தான் வெளிய தெரியும். சில டூல்ஸ் அதைப் படிக்கும். ஒவ்வொரு நுழைவுலயும் 'டைப்ஸ்' முதல்ல, 'டீஃபால்ட்' கடைசில. மேல இருந்து கீழ பாத்துட்டு வந்து முதல்ல பொருந்தினதை எடுத்துக்கும், அதுக்குத்தான் இந்த வரிசை.

டெஸ்ட்ல: இஎஸ்எம்மா ஓடறப்ப ஜெஸ்ட்.மாக்கை (ஜெஸ்ட்ங்கற டெஸ்ட் டூல்ல நெஜ மாட்யூலுக்குப் பதிலாப் போலியை வெக்கறது) மேல ஏத்திவிட முடியாது, இம்போர்ட்தான் முந்திக்கும். மாக் போட்டதுக்கப்புறம் டைனமிக் இம்போர்ட் பண்ணுங்க.

சரவணம்பட்டி:
வெளியிடறதுக்கு முந்தி என்பிஎம் பேக் (லைப்ரரியைப் பொட்டலமாக் கட்டற கமாண்ட்) அடிச்சு, வர்ற .டிஜிஇசட் கோப்பைக் காலி ஃபோல்டர்ல இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. ஒரு .எம்ஜேஎஸ், ஒரு .சிஜேஎஸ், ரெண்டுலயும் 40 குடுத்து 14.76 வருதான்னு. 'ஃபைல்ஸ்' பட்டியல்ல பில்ட் ஃபோல்டரை விட்டிருந்தா இங்கயே மாட்டிக்கும்.