ட்சுக்கா-இத்தோ: பிடிக்கயிறா, பிடிநாடாவா?

வணக்கம். ஜப்பானிய வாள் பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் திரட்டுகிறேன். கட்டானாவின் கைப்பிடிமேல் சுற்றும் ட்சுக்கா-இத்தோவுக்குப் 'பிடிக்கயிறு' என்று போட்டிருக்கிறேன். நேர்ப்பொருள் 'பிடிநூல்', ஆனால் நூல் என்றால் தையல்நூல்தான் நினைவுக்கு வரும். ஒலிபெயர்த்து 'இதோ' என்று எழுதினாலோ 'இதோ பார்' ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

———

> பிடிக்கயிறு

வேண்டாம் ஐயா. கயிறு உருண்டை, இது தட்டை. கட்டானாவுக்கு வழக்கமாக 8 மி.மீ. அகலம், தான்தோ போன்ற குறுவாளுக்கு 6. இரு தலைப்பும் பிடியின் நடுவில் குறுக்கிடும் இடத்தில் தட்டையானது ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி நிற்கும். உருண்டைக் கயிறு உருண்டு விலகும். பாராகார்டு (பாராசூட்டுக்கான நைலான் கயிறு) சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஏறத்தாழ 4 மி.மீ. தடிமன், பிடியின் வாயில் உள்ள உலோக வளையத்துக்கு மேலே துருத்தி நிற்கும். உள்ளிழைகளை உருவிவிட்டு வெறும் உறையைத் தட்டையாக்கிச் சுற்றுகிறார்கள். அப்போதும் அது நைலான். ஈரத்தில் நீளும், வியர்வைக் கையில் தளரும்.

என் ஓட்டு 'பிடிநாடா'.

———

> பிடிநாடா

பாவாடை நாடா, கட்டில் நாடா எல்லாம் நெய்தவை. இது பின்னியது. இழைகள் சாய்வாக ஓடுவதால்தான் குறுக்கில் முறுக்கி மடக்கும்போது வளைந்துகொடுக்கிறது. 'பிடிப்பின்னல்' என்றால் அந்தக் குணமும் பெயரில் வந்துவிடும்.

———

> பிடிப்பின்னல்

மெல்லிய தோல் வாரையும் சுற்றுகிறார்களே, அதில் பின்னல் எங்கே? நாடா என்றால் பட்டுப் பிடிநாடா, பருத்திப் பிடிநாடா, தோல் பிடிநாடா என்று மூன்றுக்கும் பொருந்தும். மூன்றில் பட்டுதான் இறுக்கத்தை விடாமல் வைத்திருக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், நாளடைவில் பிசிறும். சுற்றுமுன் நன்றாக இழுத்து நீட்டிக்கொள்ள வேண்டும். பட்டு என்ற பெயரில் விற்கும் செயற்கை இழை வழுக்கும்.

மற்றச் சொற்களுக்கு நம்மிடமே ஆள் இருக்கிறது. பிடியின் வாயில் வரும் உலோக வளையம் (ஃபுச்சி) பூண். உலக்கைக்குப் போடுகிறோமே, அதே பூண். கடைசி மூடி (கஷிரா) குமிழ். அலகு கழலாமல் பிடியில் செருகும் மூங்கில் மெகுகி, முளை. நாடாவுக்கு அடியில் இருக்கும் சமேகவாவைச் 'சுறாத்தோல்' என்று எழுதிவிடாதீர்கள்; பெயரில்தான் சுறா, பொருள் திருக்கைத் தோல். அதன் முண்டுகள்தான் நாடாவை நழுவாமல் பிடிக்கின்றன. குறுக்குகளுக்கு இடையே தோல் தெரியும் சாய்சதுரத்தை, வலைக்கண் என்பதுபோல், 'கண்' என்றே சொல்லலாம்.

ஹிஷிகமிக்கு 'ஆப்புத்தாள்'. முக்கோணமாக மடித்த இந்தத் தாள், குறுக்கின் அடியில் இரு ஓரமும் ஒவ்வொன்றாகப் போகும். பக்கத்துக்குப் பன்னிரண்டு குறுக்கு என்றால் இரு பக்கமும் சேர்த்து 48 தாள். வேலை மிச்சம் என்று இதை விட்டால் கண் சிறிதும் பெரிதுமாகும், குறுக்கு அமுங்கிச் சரியும். கட்டைவிரலால் தள்ளி நாடா நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியதுதான்.

———

பிடிநாடாவை ஏற்கிறேன். அப்படியானால் குறுக்கில் நாடாவை முறுக்கிச் சுற்றும் ஹினேரி-மாக்கி 'முறுக்குச் சுற்று', முறுக்காமல் தட்டையாகவே சுற்றும் ஹிரா-மாக்கி 'தட்டைச் சுற்று'. நீளம் எவ்வளவு என்று எழுதுவது?

———

கட்டானாவுக்கு 4 மீட்டர் என்று எழுதுங்கள். நீளப்பிடி என்றால் கூடும். குறைந்தால் நடுவில் ஒட்டுப்போட வழியில்லை. இன்னும் இரண்டு குறிப்பு சேருங்கள். குறுக்குக்குக் குறுக்கு மேலே வரும் தலைப்பு மாற வேண்டும்: இம்முறை இடது மேலே என்றால் அடுத்து வலது. அடுத்தது, குமிழின் துளையில் கோக்குமுன் நுனியைப் பசை தடவிக் காயவைத்து விறைப்பாக்க வேண்டும். நைலான் நுனியைத் தீயில் காட்டி உருக்கலாம். பட்டு உருகாது, கருகும்.

'பிடிப்பின்னல்' வீண்போக வேண்டாம். இந்த நாடாவைப் பின்னும் கலைக்குக் குமிஹிமோ என்று பெயர்; அதற்குத் தனிச்சொல் இன்னும் வைக்கவில்லை.